எவ்வளவு கொண்டு வந்தாய் என்று கேட்காதீர்கள்!



வெளிநாட்டுக்குப் போன ஒரு பெண் ஊர் திரும்பினால் நாம் முதலில் கேட்கும் கேள்வி என்ன? மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். "எவ்வளவு கொண்டு வந்தாய்?" என்பதுதானே? வாய் கேட்காவிட்டாலும் கண் கேட்டுவிடும். பெட்டி எத்தனை, கழுத்தில் என்ன, கையில் என்ன என்று எண்ணிவிடும். நானும் அப்படி எண்ணியவள்தான். அந்தத் தவறைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஊருக்கு உபதேசம் ஆகிவிடும்.

நாங்கள் குடியிருப்பது வஹகோட்டைக்குப் பக்கத்தில். மாத்தளை மாவட்டத்தில் கலேவெலப் பக்கமாக உள்ள ஊர் அது. அங்குள்ள புனித அந்தோனியார் தேவாலயத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜூன் மாதத் திருவிழாவுக்கு நாலா திசையிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களோடு கொடுத்து வாங்கிப் பழகிய முஸ்லிம் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று.

பக்கத்து வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். பெயர் எழுத மாட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விஷயங்களை மாற்றியும் இருக்கிறேன். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க ராத்தா. இன்னொருத்தி வந்திறங்கும்போது அவளுக்காவது நல்லா இருக்கும்" என்றாள். அந்த அனுமதியின் பேரில்தான் எழுதுகிறேன்.

ஒரு கைப்பையோடு வந்தவள்

2022ஆம் ஆண்டு நம் நாடு பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மா விலையைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும். தங்கச்சியின் கணவர் லொறியில் உதவியாளராகப் போனவர். டீசல் இல்லாமல் லொறி நின்றது. அடுப்பும் நின்றது. அந்த ஒரே வருஷத்தில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். இவளும் போனாள்.

ஆனால் இவள் போன வழி வேறு. ஊருக்கு அறிமுகமான ஒரு பெண்மணி வந்தார். ஸலாம் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, ஒரு இலட்சம் ரூபாயை முற்பணமாக மாமியாரின் கையில் வைத்தார். "பணியகத்தில் பதியப் போனால் மாதக்கணக்காகும். விசிட் விசாவில் போகட்டும். அங்கே இறங்கியதும் வேலை விசாவாக மாற்றித் தருவார்கள்" என்றார். எல்லோரும் நம்பினோம். பயணம் சொல்ல வந்தவளின் கையில் நானே நூறு ரூபாய் வைத்து துஆச் செய்து அனுப்பினேன்.

பதினொரு மாதம் கழித்து, ஒரு மாலை மஃரிப் நேரம், கலேவெல பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு சின்னப் பை. அவ்வளவுதான். மறுநாள் காலை பாணும் சீனிச் சம்பலும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். போன நான் கேட்ட கேள்வி இது: "என்ன தங்கச்சி, பெட்டியெல்லாம் பின்னால வருதா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கைகளையும் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள். அன்றைக்கு மூடிய அந்த வீட்டின் முன்கதவு பல மாதங்கள் சரியாகத் திறக்கவே இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? "வேலை செய்ய முடியாம ஓடி வந்துட்டாளாம்" என்றார் ஒருவர். "அங்க என்னென்ன நடந்துச்சோ" என்று இழுத்தார் இன்னொருவர். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பேசும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டேனே, அதுவும் பேச்சில் பங்குதான்.

இதற்கிடையில் அவள் உடம்பு விழுந்துகொண்டே போனது. தண்ணீர் அள்ளப் போன இடத்தில் தலை சுற்றி விழுந்தாள். ராத்திரி தூக்கம் இல்லை. பாதையில் வாகனம் ஹோர்ன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடும். சின்னப் பிள்ளை அவளிடம் வர மறுத்து மாமியாரின் மடியிலேயே கிடந்தது. தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார்கள். ஓதுவது நல்லதுதான், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஓதிய பின் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்ற ஒரே பயம்தான் காரணம்.

கேள்வி கேட்காத மிஸ்

அந்தக் கதவைத் திறந்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல மாது. நாங்கள் மிஸ் என்று அழைப்போம். சிங்களம் பேசும் கத்தோலிக்கப் பெண். சின்னப் பிள்ளையின் எடை பார்க்க வந்தவர், வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்குவதைக் கண்டார். பிறகு தாயின் கைகளைக் கண்டார். புறங்கை முழுக்கப் புண் ஆறிய தழும்பு. ஒரு விரல் வளைந்து நின்றது.

"என்ன நடந்தது?" என்று அவர் கேட்கவில்லை. தெரிந்த கொஞ்சத் தமிழில், "ராவைக்கு நித்திரை போகுதா?" என்று மட்டும் கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். "சொல்ல விருப்பம் என்றால் சொல்லுங்கோ. இல்லையென்றாலும் பரவாயில்லை. நான் அடுத்த கிழமையும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே அடுத்த கிழமை வந்தார், அதற்கடுத்த கிழமையும் வந்தார். மூன்றாவது தடவைதான் தங்கச்சி வாய் திறந்தாள்.

கிளினிக்குக்குப் போகலாம், துணைக்கு யார் வேண்டும் என்று மிஸ் கேட்டபோது, "பக்கத்து வீட்டு ராத்தா வந்தா போறேன்" என்றாளாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டி எங்கே என்று கேட்டவளையே துணைக்குக் கூப்பிடுகிறாள் என்றால், அவளுக்கு வேறு போக்கிடமே இல்லை என்றுதானே அர்த்தம்?

அவளுக்கு நடந்ததில் சொல்லலாம் என்று அவள் அனுமதித்த அளவு இதுதான். இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்கொண்டார்கள். பூட்டிய வீடொன்றில் பல நாட்டுப் பெண்களோடு வைத்தார்கள். ஆட்கள் வந்து பார்த்துத் தெரிவு செய்து கூட்டிப் போவார்கள். இவளை மூன்று வீடுகளுக்கு மாற்றினார்கள். ஒரு வீட்டிலும் முழுச் சம்பளம் இல்லை. "உன்னை நாங்கள் காசு கொடுத்து எடுத்திருக்கிறோம். போக வேண்டுமென்றால் அந்தக் காசை வைத்துவிட்டுப் போ" என்றார்கள். அடியும் இருந்தது. மீதியை நான் எழுத மாட்டேன். அது என்னிடம் உள்ள அமானிதம்.

"அவளாகத்தானே போனாள்?"

இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். ஆட்கடத்தல் என்றால் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போவது மட்டும் அல்ல. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென்று ஓர் உடன்படிக்கை செய்தது. சுரண்டும் நோக்கத்தோடு, பொய் சொல்லியோ, மிரட்டியோ, இல்லாமையைப் பயன்படுத்தியோ ஓர் ஆளைச் சேர்ப்பதும், கொண்டு போவதும், ஒப்படைப்பதும், வைத்திருப்பதும் ஆட்கடத்தலே. அப்படி ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது என்றும் அது சொல்கிறது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 2006இல் செய்த திருத்தம் இதைப் பாரதூரமான குற்றமாக்கியது. அந்த உடன்படிக்கையை 2015இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

அப்படியானால் தங்கச்சி தோற்று ஓடி வந்தவள் அல்ல. குற்றமொன்றில் காயப்பட்டு, உயிரோடு மீண்டு வந்தவள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! முதலாவதற்கு ஊர் சிரிக்கும். இரண்டாவதற்கு ஊர் மருந்து கட்ட வேண்டும்.

இது அவள் ஒருத்தியின் கதையும் அல்ல. விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டு போகப்பட்டு விற்கப்பட்ட இலங்கைப் பெண்களைப் பற்றிய செய்தி 2022 நவம்பரில் நாட்டையே உலுக்கியது நினைவிருக்கும். பெண்கள் மட்டும்தான் என்றும் இல்லை. கம்பியூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் இளைஞர்கள் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததும் அண்மைக் காலச் செய்திதான்.

உடம்பு சொல்லும் சாட்சி

கிளினிக்கில் டொக்டர் அவளைப் பரிசோதித்தார். இரத்தச் சோகை இருந்தது. நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் விடாததால் வந்த சிறுநீர்த் தொற்று இருந்தது. உடைந்த விரல் வைத்தியம் இல்லாமல் தானாகவே வளைந்து கூடியிருந்தது. மாதவிடாய் நின்று பல மாதங்களாகியிருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, தூக்கமின்மையும் திடுக்கிடலும் ஞாபக மறதியும். "உங்களுக்குப் பைத்தியம் இல்லை. இவ்வளவு பட்ட எந்த மனுஷருக்கும் வரக்கூடிய நோய் இது. இதற்கு மருந்து உண்டு" என்று டொக்டர் சொன்னபோது அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் பயந்துகொண்டிருந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதே நிலைமையை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் கடத்தப்பட்டுப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகி மீட்கப்பட்ட 192 பெண்களின் உடல்நலத்தைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 82 பேருக்குத் தலைவலி, 81 பேருக்கு ஓயாத களைப்பு, 62 பேருக்கு ஞாபக மறதி. நாடு வேறு, கொடுமையின் வகை வேறு. ஆனாலும் வலி எப்படி ஒன்றாக இருக்கிறது பாருங்கள். "எப்போதும் தலைவலி என்கிறாள், சோம்பேறி, சொன்னதை மறந்துவிடுகிறாள்" என்று நாம் ஏசும் பெண்ணின் வாயால் அவள் பட்ட கொடுமைதான் பேசுகிறது.

2010இல் மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய மாத்தறை மாவட்டத்துப் பெண் ஒருவரின் உடம்புக்குள் ஆணிகளும் ஊசிகளும் இருப்பதை எக்ஸ்ரே படம் காட்டியது. கம்புறுப்பிட்டிய ஆஸ்பத்திரியில் அவற்றை அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். எல்லாப் பெண்களின் வலிக்கும் எக்ஸ்ரே படம் கிடைப்பதில்லை, சகோதரிகளே! சிலருடைய ஆணிகள் எந்தப் படத்திலும் விழாத இடத்தில் இருக்கின்றன.

மலேரியா கற்றுத் தந்த பாடம்

"இது பொலிஸ் வேலையல்லவா, சுகாதாரக்காரர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று நான் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் சின்ன வயதில் இந்தப் பக்கம் மலேரியா இருந்ததுதானே? அதை எப்படி விரட்டினார்கள்?"

இருந்ததாவது! எங்கள் பக்கத்து வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிர் காய்ச்சலில் நடுங்காத வீடு இல்லை. மருந்தடிக்க ஆட்கள் வருவார்கள். சாமான்களை முற்றத்தில் வைத்துவிட்டு நாங்கள் வெளியே நிற்போம். அந்த மருந்து வாசம் இன்றும் மூக்கில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் 2012க்குப் பிறகு சில ஆண்டுகள் உள்ளூரில் தொற்றிய மலேரியா நோயாளி ஒருவரும் இருக்கவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

எப்படி நடந்தது? காய்ச்சல்காரரைப் பார்த்து "நுளம்பு கடிக்கும்வரை ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று யாரும் கேட்கவில்லை. நோயாளியைத் தேடிப் போனார்கள். ஊசி முனையில் ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். இலவசமாக மருந்து கொடுத்தார்கள். மறுபடியும் வந்து பார்த்தார்கள். நுளம்பு பெருகும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து திரும்புவோரைப் பரிசோதிக்கிறார்கள். குற்றம் சாட்டுவதற்காக அல்ல, காப்பாற்றுவதற்காக.

பொதுச் சுகாதாரம் என்பது இதுதான். நோயாளியாக வந்தவருக்கு மருந்து கொடுப்பதோடு அது நிற்பதில்லை. வராமல் ஒளிந்திருப்பவரைக் கண்ணியமாகத் தேடிப் போகும். திரும்பவும் போய்ப் பார்க்கும். நோய் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்து அதன் வேரை வெட்டும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து நம் நாட்டில் இந்தப் பழக்கம் உண்டு. வீட்டுக்கு வீடு போகும் மாதுமார் அதன் கைகால்கள். மனித வியாபாரத்தில் காயப்பட்டு வந்தவளையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது மிஸ்ஸின் வாதம். பொலிஸார் குற்றவாளியைத் தேடட்டும். அதற்காக இவளுடைய தலைவலி காத்திருக்க வேண்டுமா?

கடத்தப்பட்ட பெண்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் பத்து ஆலோசனைகள் வெளியிட்டது. அதில் முதலாவது, தீங்கு செய்யாதே என்பது. கதை கேட்கிறேன் என்று ஆறிய புண்ணைக் கீறாதே, நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே, அவள் சொன்னதை வெளியே விடாதே என்பவையும் அந்த ஆலோசனைகளின் சாரம். மூன்று கிழமை கேள்வி கேட்காமல் வந்து போன மிஸ் செய்தது அதைத்தான்.

நம் மார்க்கம் காட்டிய முன்மாதிரி

இதையெல்லாம் கேட்டபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சம்பவம் என் நினைவுக்கு வந்தது. பயணத்திலிருந்து திரும்பிய அன்னையவர்கள் நோயுற்று ஒரு மாத காலம் வீட்டில் இருந்தார்கள். அந்த நேரத்தில் மதீனாவில் அவதூறு பரவிக்கொண்டிருந்தது. நோயோடு இருந்தவருக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் நோய் மேலும் கூடியது. சிந்தித்துப் பாருங்கள் சகோதரிகளே! பயணம் போய் வந்த ஒரு பெண், அவளது நோய், ஊரின் நாக்கு. உம்முல் முஃமினீன் அவர்களையே விட்டுவைக்காத நாக்கு, ஓர் ஏழைப் பெண்ணை விட்டுவைக்குமா?

அந்தச் சம்பவத்தில் இரண்டு பெண்கள் நமக்குப் பாடம். அன்னை ஸைனப் (ரலி) அவர்களிடம் கேட்டபோது, தம் காதையும் கண்ணையும் காத்துக்கொள்வதாகவும், நல்லதைத் தவிர வேறெதையும் அறியவில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். மற்றவர் அன்ஸாரிப் பெண் ஒருவர். அவர் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. அனுமதி கேட்டு உள்ளே வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், சேர்ந்து அழுதார். அவ்வளவுதான். கேள்வி இல்லை, ஆலோசனை இல்லை. இன்று பெரிய பெரிய நிபுணர்கள் சொல்லும் முதலுதவியை அந்தப் பெண் அன்றே செய்து காட்டிவிட்டார்.

சுதந்திரமான மனிதரை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவனுக்கும், வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கும் எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தில் ஹதீஸ் குத்ஸி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்கள் மீது அல்லாஹ் மன்னிப்பும் கருணையும் உடையவன் என்ற கருத்தை ஸூரத்துந் நூரின் 33ஆவது வசனத்தில் காணலாம். அல்லாஹ் கருணை காட்டும் ஒருத்திக்குத் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

நாம் செய்யக்கூடியவை

திரும்பி வந்தவளைப் பார்க்கப் போங்கள். சாப்பாடு கொண்டு போங்கள். "வந்து சேர்ந்தாயே, அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லுங்கள். அவளாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "அப்போதே ஏன் ஓடி வரவில்லை?" என்று கேட்க வேண்டாம். கேட்டதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

உடம்பைக் காட்டச் சொல்லுங்கள். தனியாகப் போகச் சொல்லாமல் நீங்களும் கூடப் போங்கள். பகுதியின் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலோ முதலில் பேசலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'மிதுரு பியச' என்ற பிரிவு இருக்கிறது. தமிழில் நட்பு நிலையம் என்பார்கள். 2007இல் மாத்தறை ஆஸ்பத்திரியில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவியது. வன்முறைக்கு ஆளான பெண்கள் அங்கே மறைவாகப் பேசலாம். இலவசம். பாலியல் நோய், எச்.ஐ.வி. பரிசோதனைகளும் அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமே. பரிசோதனை செய்துகொள்வது யார் மீதும் போடும் பழி அல்ல. சந்தேகத்தை மனதில் சுமப்பதைவிட ஒரு துளி இரத்தம் கொடுப்பது இலகு.

தொலைபேசியில் பேச விரும்பினால் 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். 1989 இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ பஞ்சாங்கத்தின் மூலையிலோ எழுதி ஒட்டி வையுங்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று தெரியாது.

முறைப்பாடு செய்வதா, வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. பாதுகாப்பு உண்டு என்று எடுத்துச் சொல்லலாம், வற்புறுத்தக் கூடாது. இதுவரை எல்லாவற்றையும் அவளுக்காக மற்றவர்கள்தான் முடிவு செய்தார்கள். இனியாவது ஒரு முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அதுவும் ஒரு மருந்துதான்.

பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஸகாத் நிதியிலிருந்து மருத்துவமனைக்குப் போய்வர பஸ் காசும், சில மாத அரிசி சாமானும் கொடுத்தால் ஒரு குடும்பம் நிமிரும். கதீப்மார் குத்பாவில் ஒரு நாள் இதைப் பேசினால் பல நாக்குகள் அடங்கும்.

வேரை வெட்டும் வேலையும் நம்முடையதே. மூதூரின் ரிஸானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 1988இல் பிறந்த அந்தப் பிள்ளையைப் பாஸ்போர்ட்டில் 1982இல் பிறந்தவளாகக் காட்டி 2005இல் ஸவூதிக்கு அனுப்பினார்கள். பால் குடிக்கும் குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று நாமெல்லோரும் அழுதோம். ஆனால் ஒரு பிறந்த திகதியை மாற்றும்போது யாரும் அழவில்லை. பொய்த் திகதி, விசிட் விசா, கையில் வைக்கும் முற்பணம், "பணியகம் தேவையில்லை" என்ற பேச்சு. நுளம்பு முட்டையிடும் தேங்கிய தண்ணீர் இவைதான். நம் திண்ணைக்கு ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

இன்று

தங்கச்சி முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் உண்மையைத்தான் எழுத வேண்டும். வாகன ஹோர்ன் கேட்டால் இன்னும் திடுக்கிடுகிறாள். மாதம் ஒரு முறை கிளினிக்குக்குப் போகிறோம். நானும்தான். வளைந்த விரல் வளைந்தே இருக்கிறது. ஆனாலும் அந்தக் கையால் தையல் மெஷினில் பிள்ளைகளின் பாடசாலைச் சட்டை தைக்கிறாள். ராத்திரி ஐந்து மணி நேரமாவது தூங்குகிறாள். சின்னப் பிள்ளை இப்போது அவள் மடியில்தான்.

ஒரு நாள் நானே கேட்டேன். "நீ வந்த அன்றைக்கு நான் கேட்ட கேள்வி நினைவிருக்கா தங்கச்சி?" அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நினைவிருக்கு ராத்தா. ஆனா அதுக்குப் பிறகு நீங்க எத்தனை தரம் என்னோட ஆஸ்பத்திரி வாங்குல உட்கார்ந்தீங்க, அதுவும் நினைவிருக்கு" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் ஒரு கதவு மூடிக் கிடக்கக்கூடும். முந்தி நாம் எதைக் கேட்டோம், எதைப் பேசினோம் என்பதற்குத் தவ்பாச் செய்வோம். இன்றே போய் அந்தக் கதவைத் தட்டுவோம். திறந்தால் பக்கத்தில் உட்காருவோம். நம் பெண்மக்களை விற்பவர்களின் கையிலிருந்தும், மீண்டு வருபவர்களை ஊரின் நாக்கிலிருந்தும் அல்லாஹ் காப்பாற்றுவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.